துரியோதனன் புருவம்

“இன்னா பாண்டுரங்கா, துரியோதனனுக்குப் புருவத்துல வெட்டு?”

தர்மகர்த்தா கோதண்டம் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஊரில் புருவத்தில் தழும்பு உள்ளவன் ஒருத்தன்தான். பக்கத்துக் கழனிக்காரன் சுப்பராயன்.

பாண்டுரங்கன் தலை நிமிரவில்லை. திரௌபதி அம்மன் கோயில் திடலில் முப்பது அடி நீளத்துக்குக் களிமண் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். விடிந்ததிலிருந்து காவியும் சுண்ணாம்பும் கரியும் தீட்டித் தீட்டிப் பாண்டுரங்கனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மத்தியானம் பீமன் வேஷக்காரன் வந்து தொடையைப் பிளப்பான். பெண்கள் துடைப்பத்தால் முகத்தில் சாத்துவார்கள்.

“அழிச்சுடுப்பா. ஊர்த் திருவிழா.”

“ஒரகடத்துல கம்பெனிக்கு நிலம் கேக்குறாங்கன்னதும், ரெண்டாயிரத்து எட்டுல என் பாதையை மறிச்சு முள்வேலி போட்டான். மூணு வருஷமா ஏரியைச் சுத்திக்கினு கழனிக்குப் போறேன். அப்ப எங்க போச்சு ஊரு?”



அந்த நேரம் பார்த்துச் சுப்பராயனே வந்தான். கையெல்லாம் கீறல்.

“அண்ணே...”

ஏதோ சொல்ல வந்தவன் மண் முகத்தைப் பார்த்தான்.

“தழும்பு எனக்கு இடது பக்கம்ணே. நீ வலதுல போட்டுட்ட.”

சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான்.

பாண்டுரங்கன் வலது பக்கத்தை அழித்தான். இடது பக்கத்தில் போட்டான்.

மத்தியானம் தொடை பிளந்தது. முகத்தில் துடைப்பம் விழுந்தது. சுப்பராயன் எழுந்து போகவில்லை.

பாண்டுரங்கனுக்கு நினைத்த அளவு சந்தோஷம் வரவில்லை. அசதிதான் வந்தது.

பிறகு வழக்கம்போல, உடைந்த மண்ணுக்கு ஜனங்கள் முண்டியடித்தார்கள். ஒரு பிடி அள்ளி நெல்லுக் குதிரில் போட்டால் வருஷம் பூராவும் குறைவிருக்காது என்று நம்பிக்கை. அவன் கூட்டத்தில் நுழையாமல் வீட்டுக்கு வந்து படுத்தான்.

பின்னாலேயே வந்த மனைவி காவேரி முந்தானையை அவிழ்த்தாள். உள்ளே ஒரு மண் கட்டி. அதில் கரி தீட்டிய புருவத் துண்டு, தழும்போடு.

“ஏண்டி, அவன் மூஞ்சிதான் கெடைச்சுதா உனக்கு?”

“நான் எங்க எடுத்தேன்? அவருதான் கூட்டத்துல பூந்து அள்ளிக்கினு வந்து குடுத்தாரு. ‘அண்ணன் வூட்டுக் குதிருல போடு அண்ணி. காலையில வேலியைப் பிரிச்சுட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன், அண்ணன் வேலையா இருந்தாரு’ன்னாரு.”