அடுப்புக் குமிழில் ஒரு புள்ளி

அடுப்புக் குமிழில் விரல் பட்டதும் ஆபரேட்டருக்குச் சுருக்கென்றது.

மிளகு அளவில் ஒரு ரப்பர் புள்ளி. யாரோ ஒட்டியிருக்கிறார்கள்.

தண்ணீர் குடிக்கத்தான் சமையலறைக்கு வந்திருந்தார். ஆபீஸில் லைன் மொத்தமும் படுத்துவிட்டது. போனே இல்லாத ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டருக்கு என்ன வேலை என்று மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் வந்தது மனைவிக்குத் தெரியாது. மாடியில் அவள் துணி உதறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீர்ச் செம்பு வழக்கமான இடத்தில் இல்லை. தேடிய கை வழுக்கி அடுப்புக்கு வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை சட்டைக் கையைப் பொசுக்கிக்கொண்டதிலிருந்து அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. அடுப்பு அவளுடைய ராஜ்யம். அங்கே இவருக்குக் குடியுரிமைகூடக் கிடையாது.

அடுத்த குமிழிலும் புள்ளி இருந்தது.

உப்பு டப்பாவின் மூடியில் ஒன்று. சர்க்கரை டப்பாவில் இரண்டு. வாஷிங் மெஷினில், தண்ணீர்க் குழாயில், எங்கே கை வைத்தாலும் புள்ளி.

ஆபரேட்டருக்கு அது என்னவென்று தெரியாதா? சங்கத்துச் சரக்கு. பார்வையற்றோர் சங்கத்தின் அலமாரியில் அட்டை அட்டையாக இருக்கும். பிரெயில் தெரியாதவர்களுக்கும் புதிதாகப் பார்வை போகிறவர்களுக்கும் கொடுப்பது. பிறந்ததிலிருந்து பார்வையில்லாமல், பிரெயிலில் நாவல் நாவலாகப் படித்துத் தள்ளியவருக்கு, உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் சொல்ல இப்படிக் கொழுத்த புள்ளியா?

கோபம்தான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே பயமும் வந்தது.

சங்கத்தில் நாற்காலி பின்னும் பார்வையற்ற நண்பரின் வீட்டில் இதே புள்ளிகளைத் தடவிப் பார்த்திருக்கிறார். அந்த மனுஷனின் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. மறு வாரமே சங்கத்திலிருந்து ஆள் வந்து, இனி தனியாகச் சமைக்கப் பழகிக்கொள்ளுங்கள் என்று வீடு முழுக்க ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அங்கே அவள் போன பிறகு ஒட்டினார்கள். இங்கே போவதற்கு முன்பே ஏற்பாடு நடக்கிறது போலிருக்கிறது.

வீடு வீடாகப் போய்ப் புள்ளி ஒட்டித்தரும் சங்கத்து அம்மா தனக்குத் தெரியாமல் வந்து போகிறாள் என்பதை அவர் எப்போதோ மோப்பம் பிடித்துவிட்டார். கூடத்து நாற்காலி இடம் மாறியிருக்கும். அந்த அம்மா போட்டுக்கொள்ளும் தைலத்தின் வாசனை திரைச்சீலையில் தங்கியிருக்கும். யார் வந்தது என்று கேட்டால், "யாரும் வரலையே" என்பாள் மனைவி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சங்கதி.

அது மட்டுமா?

தினமும் காலையில் பேப்பர் படித்துச் சொல்கிறவள், திடீரென்று நிறுத்திக்கொண்டாள். எல்லாம்தான் ரேடியோவில் சொல்கிறார்களே என்று ஒரு சாக்கு. தெருவில் அவரைக் கைபிடித்து விறுவிறுவென்று நடத்திப் போகிறவள், இப்போதெல்லாம் வேண்டாவெறுப்பாக வருகிறவள் போல ஒவ்வோர் அடியாக வைக்கிறாள். அடிக்கடி டம்ளர்கள் உடைகின்றன. யார் மேல் கோபமோ?

அன்றைக்குப் போனில் தங்கையிடம் கிசுகிசுத்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். "அவர்கிட்ட இன்னும் சொல்லலடி. எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

தொலைபேசியில் ஊர்ப் பேச்சைக் கேட்டே பிழைத்த காது. தப்பாகக் கேட்டிருக்க வழியே இல்லை.

போகட்டும். போகிறவளை யார் தடுக்க முடியும்? ஆனால், கதவுச் சத்தம் கேட்டு இவர் "யாரு?" என்றால், "நான்தான், வேற யாரு?" என்று சலித்துக்கொண்டே ஒரு குரல் உள்ளே வருமே. அந்தக் குரல் இல்லாத வீட்டில் புள்ளிகளைத் தடவிக்கொண்டு என்ன செய்வார்?

படியில் காலடி கேட்டது.

ஆபரேட்டர் அசையவில்லை. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று குமிழின் மேல் விரலை வைத்தபடி வாசலைப் பார்த்து நின்றார். எதிர் ஜன்னலிலிருந்து மதிய வெயில் நேராக அவர் நெஞ்சில் சுட்டது. நல்ல வெளிச்சம்தான். உள்ளே நுழைந்ததுமே பார்ப்பாள். பதறிப்போய் ஏதாவது சொல்வாள். அந்தப் பதற்றத்தை அவர் கேட்க வேண்டும்.

நுழைந்தாள்.

பதறவில்லை. துணி மூட்டையைப் பொத்தென்று போட்டாள். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நேராக அவர் நின்ற இடத்துக்கு வந்தாள். அவளுடைய மூச்சு அவர் தோளில் பட்டது.

அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தார் ஆபரேட்டர்.

மேடையின் விளிம்பில் அவள் உள்ளங்கை உரசிக்கொண்டு வருவது கேட்டது. மெதுவாக வந்தது. கொஞ்சம் நின்றது. அடுப்பின் மேல் ஏறியது. இப்படி உரசிக்கொண்டு போகும் ஒரு கையின் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய கையின் சத்தம்.

அவள் விரல்கள் குமிழைத் தேடி வந்து, அவர் விரல் மேல் பட்டன.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"யாரு?" என்றாள்.

வெயில் இன்னும் அவர் நெஞ்சில்தான் இருந்தது.

ஆபரேட்டர் காற்றில் துழாவி அவள் கையைப் பிடித்தார். அதைப் புள்ளியின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

"நான்தான்," என்றார். "வேற யாரு?"