மேகத்தைப் பனி என்றவன்

உலகத்தின் பனி முழுவதையும் இந்த நாற்காலியிலிருந்து நான் ஒருவனே காத்து வருகிறேன். செயற்கைக்கோள் படம் அனுப்பும்; நான் எழுதிய புரோகிராம் பனியின் எல்லையை நாலு நொடியில் வரைந்துவிடும். அடுத்த மேசை அக்கா அதே எல்லையை, மூக்குக்கண்ணாடி திரையில் இடிக்க, மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்து வரைகிறார். "எம்பிராய்டரி எப்பக்கா முடியும்?" என்று நேற்றுதான் கேட்டேன். அறையே சிரித்தது, அவரும்தான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. காலை வெயிலில் திரையின் தூசி தெரிகிறது. அக்கா நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் மாற்றி மாற்றித் தட்டுகிறார். நேற்று என் புரோகிராம் பனி என்று நிரப்பிய வெள்ளை, இன்று பக்கத்து மலைக்குப் போயிருக்கிறது. அது இருந்த இடத்தில் உருகிய நீர் ஏரியாக, நீளமாக, கறுப்பாகக் கிடக்கிறது. "மேகம்டா தம்பி," என்கிறார், மெதுவாகத்தான். ஏரி உறைந்துவிட்டது, அது உடைந்து வெள்ளம் வரும் என்று பயந்து மேட்டில் தங்கியிருக்கும் அடிவார ஊர்க்காரர்கள் வீடு திரும்பலாம் என்று நேற்று மாலை அறிக்கை அனுப்பியவன் நான். தொலைபேசியில் அந்த ஊர் அதிகாரியைப் பிடித்து, ஏரி உறையவில்லை என்கிறேன். "நாப்பது குடும்பம் இறங்கிடுச்சே சார். திரும்ப ஏறச் சொல்லணுமா?" "சொல்லணும் சார். தப்பு என்னோடது." "ஏரி எதுவரைக்கும் வந்திருக்கு? இந்தத் தடவையாவது சரியா சொல்லுங்க." அக்கா தன் நாற்காலியை நகர்த்தி இடம் விடுகிறார். காது எரிகிறது. மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து, கரையோரம் முதல் புள்ளியை வைக்கிறேன்.