மெஷினுக்கு ஒரு பாக்கெட்

"இதுவும் போச்சா? இன்னியோட நாலாவது டேப், ஷுவான்யி!"

தெங் சார் போட்ட சத்தத்தில் கணினி அறையே அதிர்ந்தது. ஷின்ச்சு நகரின் அந்த மருத்துவமனையில், கணினிப் பிரிவுக்குத் தலைவராக அவர் போன மாதம்தான் வந்திருந்தார்.

ஷுவான்யி, கீறல் விழுந்த டேப்பில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, நொறுக்க வேண்டியவை கிடந்த பெட்டியில் போட்டாள். நோயாளிகளின் பழைய ஸ்கேன் படங்கள் எல்லாம் டேப்பில்தான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி. இப்போது கெட்டுப்போன டேப்பின் இரண்டாவது பிரதி அவள் கையில் இருந்தது. இதுவும் கெட்டால் அத்தனை படமும் போய்விடும். கூடவே அவள் வேலையும்.

"இதைப் போடுறதுக்கு முன்னாடி டேப் ஓட்டுற மெஷினைத் திறந்து பாத்துடலாம் சார். பாவ்ஷெங் அண்ணன் வந்துட்டிருக்கார்."

"மெஷினைக் குறை சொல்லாதே! அது தலைமேல நொறுக்குத்தீனி பாக்கெட் வெச்சு, 'சமர்த்தா ஓடு கண்ணு'ன்னு கொஞ்சுற கூட்டம்தானே நீங்க? அதான் வந்த அன்னிக்கே அந்தப் பாக்கெட்டைக் குப்பையில போட்டேன்."

"ஊர் பூரா வைக்கிறாங்க சார். அது இருந்த வரைக்கும் ஒரு டேப்கூடக் கெடல."

"வாயாடாதே. சாயங்காலம் மேலிடத்துக்கு உன் பேரை எழுதிடுவேன்."

மெஷின் பழுது பார்க்கும் பாவ்ஷெங் வந்தான். தெங் சாரிடம் மட்டுமே இருந்த மெஷின் சாவி, சற்றுத் தயங்கியே கைமாறியது. கதவைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தவன் அலறினான்.

"தங்கச்சி, அந்த டேப்பைப் போட்டுடாதே! உள்ள எலி பூந்து பாக்கெட்டைக் குதறியிருக்கு. டேப் ஓடுற இடம் பூரா சோளப்பொரித் தூள்! அதுதான் கீறுது."

"பாக்கெட்டா?" என்றாள் ஷுவான்யி.

"ஏம்மா, மேல வைக்கிறதை உள்ளயா வைப்பே?"

ஷுவான்யி வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். "சத்தியமா நான் இல்ல அண்ணே!"

பாவ்ஷெங் அதை வெளியே இழுத்தான். "அதுவும் மஞ்சள் பாக்கெட்! பச்சை வெச்சாதானே பச்சை விளக்கு எரிஞ்சு மெஷின் ஒழுங்கா ஓடும்? மஞ்சள் வெச்சா மெஷின் மக்கர் பண்ணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே! எந்தப் புத்திசாலி வெச்சது?"



தெங் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அன்னிக்குக் கடையில பச்சை தீர்ந்துபோச்சுப்பா."