இடது பெருவிரல்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ரோலர் மெஷின் தானியேலின் இடது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. அவர் மனைவி பூவம்மாள் அந்தக் கையைத் தன் பழைய புடவையில் சுற்றிப் பாலாற்று மணலில் புதைத்தாள்.

அரசாங்க உதவித்தொகைக்கு மனு கொடுக்கப் போனார்கள்.

"ஆம்பளைங்க இடது பெருவிரல் ரேகைதான் வைக்கணும்" என்றார் குமாஸ்தா.

"அது இல்லேன்னுதானே சாமி மனுவே குடுக்கிறோம்" என்றாள் பூவம்மாள்.

குமாஸ்தா சிரித்துவிட்டு வலது கை ரேகையை வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து மனு திரும்பி வந்தது. அதில் இப்போது இடது பெருவிரல் ரேகை இருந்தது. தோல் சீவும் கத்தி பட்ட பழைய தழும்பும் நடுவில் தெளிவாக விழுந்திருந்தது. 'கை இருப்பதால் நிராகரிக்கப்பட்டது' என்று கீழே எழுதியிருந்தார்கள்.

"இன்னாங்க இது, உங்க கை மாதிரியே கீது?"

"என் கைதான் பூவு. குமாஸ்தா கேட்டாரு, போய் வச்சிட்டு வந்துடுச்சு. எனக்குத்தான் வேலை செய்ய மாட்டேங்குது."

மறுபடி மனு போட்டார்கள். பூவம்மாள் பீடி சுற்றப் போனாள். ஒரு வேளைதான் உலை வைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பதில் வந்தது. தபால்காரரே படித்துச் சொன்னார்: 'மனுதாரர் நேரில் வந்து, தமக்கு உதவி வேண்டாம் என்று இடது கை ரேகை வைத்துக் கொடுத்துவிட்டார். இனி அவர் பெயரில் எந்த மனுவும் ஏற்கப்படாது.'

தபால்காரர் தாளை மடித்தபோது அதிலிருந்து கொஞ்சம் ஆற்று மணல் உதிர்ந்தது. பூவம்மாள் அதை முந்தானையில் ஏந்திக்கொண்டாள்.