தரகர் சுருக்கிய தூரம்

"ஒன்பதே மணி நேரம்மா. ராத்திரி ஏறிப் படுத்தா, விடியும்போது மாப்பிள்ளை வீட்டு வாசல்" என்று வாய் கூசாமல் அளந்துவிட்டார் கல்யாணத் தரகர்.

உண்மையில் பதினேழு மணி நேரம். அதுவும் நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் பிடிக்க வேண்டும். ஆனால் வயதைக் குறைப்பதும் தூரத்தைச் சுருக்குவதும் அவர் தொழிலில் பொய்க் கணக்கிலேயே சேராது.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாப்பிள்ளை இன்று சாயங்காலமே திரும்பிப் பறக்கிறான். அதற்குள் பெண் சரியென்று சொல்லியாக வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு வெளிநாட்டு வரன்கள் இந்த வீட்டில் தட்டிப்போயிருந்தன. இரண்டு தடவையும் எவ்வளவு தூரம் என்று பெண் கேட்டாள். பன்னிரண்டு மணி நேரம், நேர் விமானம் என்ற பதிலைக் கேட்டதும் வேண்டாம் என்றுவிட்டாள். செல்லப்பெண், அம்மாவைப் பிரிய மனசில்லை என்று தரகர் புரிந்துகொண்டார். அதனால்தான் இந்த முறை தாராளமாகக் கத்தரி போட்டார்.

பெண்ணின் அம்மாவுக்கு முகமெல்லாம் பல். மகள் கொண்டுவந்து வைத்த டீயில் சர்க்கரை போதாது என்று இன்னொரு கரண்டி போட்டுத் தானே கலக்கினாள்.

"பெரியவ வீடு நாலு மணி நேரம். மாசாமாசம் போயிடுவேன். அடுக்களையிலேருந்து அலமாரி வரைக்கும் நானே ஒழுங்குபண்ணி வச்சாத்தான் எனக்கு நிம்மதி. நடுவுல மாறி ஏறுறதுதான் நமக்கு ஆகாது."

"நேரா போகுதும்மா. உட்கார்ந்தா எழுந்திரிக்கவே வேண்டாம்" என்றார் தரகர்.

அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டுத் தலையாட்டினார். அந்த வீட்டில் அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த வேலை அது ஒன்றுதான்.

பெண் மாப்பிள்ளையின் போட்டோவைக் கையிலேயே வைத்திருந்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்பது தரகரின் அனுபவக் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நிஜமாகவே ஒன்பது மணி நேரம்தானா என்று அவள் இன்னொரு தடவை கேட்டாள். அவர் சத்தியம் பண்ணாத குறையாக ஆமாம் என்றார். அவள் போட்டோவை மேஜைமேல் வைத்துவிட்டு, "எனக்கு வேண்டாம்" என்றாள்.

அம்மா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். பெண் அசைந்து கொடுக்கவில்லை. பெரியவளிடம் சொல்லி அழப் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள் அம்மா. அப்பா மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார்.

தரகருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது, கேட்டைச் சாத்துகிற சாக்கில் பெண் பின்னாலேயே வந்தாள்.

"வருத்தப்படாதேம்மா. அடுத்த தடவை உள்ளூர்லயே பார்த்துடறேன்" என்றார்.

அவள் ஒரு தரம் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா வந்துட முடியாத தூரத்துல பாருங்க சார்."