பழைய பாஸ்வேர்டு

கம்ப்யூட்டர் திறந்துகொண்டதும் ஹரிகுமார் கைதட்டினான். சாவித்ரி சமையலறையிலிருந்து ஓடிவந்து, திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என் கம்ப்யூட்டர். அதற்குள் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாதா?

ஹரிகுமார் எங்கள் மாடியில் குடியிருக்கிற மலையாளி. ஊர் எல்லையில், கழக்கூட்டத்தில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல மனுஷன்தான், ஆனால் லினக்ஸ் என்றால் தாய்மாமன் எழுதிவைத்த சொத்து என்கிற நினைப்பு.

மத்தியானம் பூராவும் மெஷினை அணைத்து அணைத்துப் போட்டு, கறுப்புத் திரையில் இரண்டு வரி அடித்து, அட்மின் பாஸ்வேர்டையும் என் பாஸ்வேர்டையும் புதிதாக மாற்றிவிட்டான். இதெல்லாம் ஒரு வித்தையா? மகள் சுப்ரியா ஸ்கூலில் லினக்ஸ் படித்தபோது, அவளுக்காக வீட்டில் இதைப் போட்டவனே நான்தான்.

போடும்போது, உங்கள் ஃபோல்டரைத் தனியாகப் பூட்டட்டுமா என்று அது கேட்டது. ஆமாம் என்றேன். ஆயுசு முழுக்க சர்க்கார் ஆபீசில் மலையாளம் டைப் அடித்தவன், பூட்டு வேண்டாம் என்பேனா?

ஆகவே ஹரிகுமார் திறந்தது வாசல் கதவை மட்டும். உள் அலமாரிக்குப் பழைய பாஸ்வேர்டுதான் சாவி.

அது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஃபோல்டரைத் தட்டினான். மறுபடியும் தட்டினான். பிறகு தாடையைச் சொறிந்தான்.

"மாமி, உள்ள பூட்டித்தான் கிடக்குது. பழைய பாஸ்வேர்ட் கிட்டாம இனி ஒண்ணும் செய்ய முடியாது கேட்டோ."

சாவித்ரிக்கு வேண்டியது அந்த ஃபோல்டரில் இருக்கும் தொடர்கதை. வாரப் பத்திரிகையில் வந்தது. அவள் கண்ணில் புரை விழுந்து படிக்க முடியாமல் இருந்த காலத்தில், வாரா வாரம் நான் வாசித்துப் பதிவுசெய்து வைத்தேன். வில்லன், மாமியார், போலீஸ்காரன் எல்லாருக்கும் என் தொண்டைதான். சாயங்காலம் நான் திறந்துவிடுவேன், அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். மாமியார் பேசும்போது மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

கண் சரியாகி வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. பத்திரிகையை இப்போது அவளே படிக்கிறாள். ஆனாலும் அந்தப் பதிவுதான் வேண்டுமாம். ஒரே ஒரு அத்தியாயமாவது கேட்டால் போதும், தூக்கம் வரும் என்று ஹரிகுமாரிடம் சொல்லி அழுதாள். நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அழுதாள்.

எனக்குத் தாங்கவில்லை.

அவள் சொல்லச் சொல்ல ஹரிகுமார் அடித்துப் பார்த்தான். என் நட்சத்திரம். கல்யாணத் தேதி. சுப்ரியாவின் பெயர். பத்மநாபசுவாமியின் பெயர். கம்ப்யூட்டர் எதற்கும் மசியவில்லை.

சுவாமி பெயரைப் பாஸ்வேர்டாக வைக்கிற ஆளா நான்? இத்தனை காலம் குடித்தனம் நடத்தி இவ்வளவுதான் தெரிந்துவைத்திருக்கிறாள்.

பாஸ்வேர்டு, 'காப்பியாச்சா'. தினமும் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சமையலறையைப் பார்த்து நான் போடும் சத்தம். ரிட்டயர் ஆன பிறகும் அந்த நேரத்துக்கு அதே சத்தம்தான்.

அதையும் நேராக அடித்ததில்லை. கீபோர்டை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, தமிழ் அடிப்பதுபோல் விரல்களை ஓடவிடுவேன். ஆபீசில் பழகிய மலையாள கீபோர்டுக்கும் தமிழுக்கும் விரல் போகும் வழி ஒன்றுதான். அந்தச் சொல்லில் க, ப, ய, ச எல்லாம் வலக்கைக்கு, துணையெழுத்தும் புள்ளியும் இடக்கைக்கு. வலது, இடது, வலது, இடது என்று சைக்கிள் மிதிப்பதுபோல் போகும். உள்ளே விழுவது என்னென்ன ஆங்கில எழுத்து என்று எனக்கே தெரியாது. கைக்குத்தான் தெரியும்.

ஹரிகுமார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அப்போதுதான் என் பக்கம் திரும்பினான். அவனுக்கு நான் 'சுவாமி'.

"ஒருக்கா சுவாமி கையில கொடுத்து நோக்கலாமா மாமி?"

சாவித்ரி கீபோர்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். போர்வைமேல் கிடந்த என் வலக்கையை அவளே தூக்கி எழுத்துகளின்மேல் வைத்தாள். மழை தொடங்கிய மாதத்திலிருந்து அந்தக் கை அப்படித்தான். வைத்த இடத்தில் கிடக்கும்.

இடக்கை தானாகவே தன் இடத்துக்குப் போய்விட்டது. அங்கேயே நின்றது. முதல் எழுத்து வலக்கையுடையது. அது அடித்தால்தான் இதற்கு வேலை.

மூன்று பேரும் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏற்கெனவே இடக்கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். வெறும் கோடுகள்தான் வந்தன. மிச்சம் இருப்பது வாய் ஒன்று. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. இருந்தாலும் இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துத் திறந்தேன்.

"ஆ... இ... ஆ... ஆ..."

சாவித்ரி முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"காப்பிதானே கேக்கறேள்? ஆச்சு ஆச்சு, கொண்டு வரேன்."

அவள் உள்ளே போனதும், ஹரிகுமார் என் மடியிலிருந்த கீபோர்டை எடுத்துவைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தான்.