பக்கத்து சீட்

"லைசென்ஸ் உள்ளவங்க பக்கத்துல இல்லாம எல் போர்டோட நீ வண்டிய எடுக்கவே கூடாது, ஓர்லா. போலீஸ் புடிச்சா வண்டியே போயிடும்!"

"அப்ப நீ பக்கத்துல உக்காரேன். பிள்ளைங்கள நான் ஸ்கூல்ல விடறேன்."

"எனக்கேது நேரம்?" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்பிவிடுவான் அவள் கணவன் ஃபெர்கல்.

பஸ்ஸே எட்டிப்பார்க்காத அந்த மேயோ கிராமத்தில், ஆடுகளையும் மழையையும் பார்த்தபடி அடைந்து கிடந்தாள் ஓர்லா. சண்டை போட்டு அலுத்துப்போய், பயிற்சியாளரின் காரிலேயே ஓட்டிப் பழகினாள்.

இன்று டெஸ்டில் பாஸ்! துள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள்.

"இனிமே நான் தனியாவே போவேன். சாவியக் குடு!"

ஃபெர்கல் தலையைத் தொங்கப்போட்டிருந்தான். "வண்டிய போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"ஏன்? என்ன பண்ணின?"

"தனியா ஓட்டினேன். நானும் எல் போர்டுதான். டெஸ்டுக்குப் பயந்துக்கிட்டு பதினாறு வருஷமா அதையே புதுப்பிச்சுட்டு இருக்கேன்."

"பதினாறு வருஷமா?" என்றாள் ஓர்லா.

அவன் மெல்ல நிமிர்ந்தான். "நல்லவேளை, நீ பாஸாயிட்ட. வண்டி வந்ததும் காலையில என்னைப் பால் பண்ணையில விட்டுட்டு, பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுடு. சாயங்காலம் எனக்கு பப். அப்புறம்... ஞாயித்துக்கிழமை எங்கம்மாவ சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அவங்கதான் சொந்தமா கார் வெச்சிருக்காங்களே?"

"அவங்களும் எல் போர்டுதான்."